ஜீஜாஜியின் கடைசி ஆட்டம்

றுகையா மதினி என் காக்கா, அதாவது அண்ணன், முத்தலிபின் மனைவி. உறவுக்கு மதினி என்றாலும் வயதில் என்னைவிட ஆறு வருடம் இளையவள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். அவளும் என்னை மதினி என்று கூப்பிட்டதில்லை. எங்கள் ஊர் சாய்ந்தமருதில் எல்லாரும் கூப்பிடுவதுபோல ‘டீச்சர்’ என்பதோடு சரி. முப்பத்தொரு வருடமாகக் கணிதம் படிப்பித்து, பாதி ஊரைக் காதில் பிடித்துத் திருகியவள் நான். எனக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான்.

மதினிக்கு ஹிந்தி தெரியும். எங்கள் ஊரில் அரபு ஓதத் தெரிந்தவர்களுக்கும் சிங்களம் பேசத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஹிந்தியை வைத்துக்கொண்டு மனிசர் என்னதான் செய்வது? குவைத்தில் ஒரு வீட்டில் எட்டு வருடம் வேலை செய்தபோது, அதே வீட்டில் சமைத்த ஹைதராபாத்துக்காரி ஒருத்தியிடம் கற்றுக்கொண்டது அது. வேலையெல்லாம் முடிந்த பிறகு இரண்டு பேரும் குசினிக்குப் பின்னால் இருந்த அறையில், சின்ன டீவி ஒன்றில் ஹிந்திப் பகிடிப் படங்கள் பார்ப்பார்களாம். சுனாமி வந்து மதினியுடைய உம்மாவையும் வாப்பாவையும் தம்பியையும் கொண்டுபோன மாதத்திலும் அந்த ஹைதராபாத்துக்காரி படத்தைப் போட்டுவிட்டு, “சிரி, இல்லாட்டி செத்திருவாய்” என்று பக்கத்தில் இருத்தி வைத்தாளாம். இதை ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள்.

மதினி ஊருக்குத் திரும்பி வந்து, எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் ஒரு வீடு கட்டினாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். நாற்பது வயது வரை கல்யாணம் வேண்டாம் என்று திரிந்த காக்கா, ஒரு பெட்டியும் இரண்டு சாரனும் எடுத்துக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

காக்கா கடல் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவர். பேச்சு குறைவு. எங்கள் வீட்டில் படித்தது நான், பிறை பார்த்தது அவர். நிலாக் காலத்தில் மீன் படாது என்பதால் எந்த நாளும் அவருக்குப் பிறை எத்தனை என்று தெரியும். நோன்பு எப்போது, பெருநாள் எப்போது, உம்மாவின் நினைவுநாள் கத்தம் எந்த நாளில் என்று நாங்கள் எல்லாரும் அவரிடம்தான் கேட்போம். அவர் வானத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிடுவார். கலண்டரைப் பார்த்துச் சம்பளம் எடுக்கிற எனக்கு அது ஒரு சின்ன வித்தையாகத்தான் தெரிந்தது.

கல்யாணம் முடிந்து ஒரு கிழமை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கதைக்கவில்லையாம். ஒரு பின்னேரம் டீவியில் கிரிக்கெட். இலங்கை அணிக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக விளையாட வந்த ஒரு துடுப்பாட்டக்காரன் மைதானத்துக்குள் நடந்து வந்தான். தலைக்கவசம் ஒரு சுற்றுப் பெரிது. நடை, எங்கே கால் வைப்பது என்று தெரியாத நடை. மதினிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“இவன் பெண்சாதிட ஊட்டுக்கு முதல்நாள் போற ஜீஜாஜி மாதிரி வாறான்” என்றாள்.

ஜீஜாஜி என்றால் ஹிந்தியில் அக்காவின் புருசன். அவள் பார்த்த படங்களில் அந்த ஜீஜாஜி எப்போதும் இனிப்புப் பெட்டியோடு வந்து வாசலில் தடுக்கி விழுவான். அவள் இதைக் காக்காவுக்கு விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் அந்தத் துடுப்பாட்டக்காரன் முதல் பந்திலேயே ஆட்டமிழந்து, வந்த நடையிலேயே திரும்பிப் போனான். காக்கா சிரித்த சிரிப்பு மதிலைத் தாண்டி எனக்குக் கேட்டது. ஒரு கிழமைக்கு முன் பெண் வீட்டுக்குப் பெட்டியோடு நடந்துபோனவர் அல்லவா, நன்றாகத்தான் விளங்கியிருக்கும்.

அன்றிலிருந்து அந்த விளையாட்டுக்காரனுக்கு அவர்கள் வீட்டில் ஜீஜாஜி என்றுதான் பெயர். உண்மையான பெயரைச் சொன்னால் காக்காவுக்கு ஆளே விளங்காது. ஜீஜாஜி பெரிய நட்சத்திரம் ஒன்றும் இல்லை. ஐந்தாவது, ஆறாவது ஆளாக வருவான். விலாவில் அடி வாங்குவான். லேசான பிடியைக் கைவிடுவான். எல்லாரும் போன பிறகு ஒருவனாக நின்று முப்பது ஓட்டம் எடுத்து அணியைக் கரை சேர்ப்பான். மறுநாள் பத்திரிகையில் வேறு ஒருவனுடைய படம் வரும்.

பதினான்கு வருடம் அந்த வீட்டில் ஓடியது இது இரண்டும்தான். ஜீஜாஜி விளையாடும் நாளில் கிரிக்கெட், மற்ற நாளில் அஸர் தொழுகை முடிந்த பிறகு ஹிந்திப் பகிடிப் படம். பிள்ளைகள் இல்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் வினாத்தாள் திருத்திக்கொண்டு நான் கேட்பேன். முதலில் படத்தின் குரல், பிறகு மதினியின் தமிழ், பிறகு காக்காவின் சிரிப்பு. படத்தில் சொன்ன பகிடி காக்காவிடம் வந்து சேர எப்படியும் மூன்று நொடி ஆகும். மதினி சிரித்து முடிக்கிற இடத்தில் அவர் தொடங்குவார். பிறகு அவருடைய சிரிப்பைப் பார்த்து அவள் மறுபடியும் சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். அது பொறாமை என்று இப்போது எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

கிரிக்கெட் நாளில் மட்டும் வீடு அமைதியாக இருக்கும். ஜீஜாஜி ஒவ்வொரு பந்தைச் சந்திக்கும்போதும் காக்கா கையேந்தி துஆக் கேட்பார். பந்துக்கு ஒரு துஆ. மதினி ஆமீன் சொல்வாள். ஒருநாள் நான் போனபோது, பார்க்கத் தவறிய ஆட்டம் ஒன்றை டீவி மறுபடியும் காட்டியது. காக்கா எழுந்து வெளியே போய்விட்டார்.

“ஏன் காக்கா, பாக்கலியா?” என்று கேட்டேன்.

“முடிஞ்ச ஆட்டத்துக்கு துஆக் கேக்கேலாதே” என்றார். “சும்மா பாத்து என்ன செய்ற?”

ஜீஜாஜிக்கு வயதாகிக்கொண்டு வந்தபோது அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. அவன் வந்த நாளை இரண்டு பேருமாகப் பார்த்தார்கள், போகிற நாளையும் இரண்டு பேருமாகப் பார்க்க வேண்டும். கடைசிப் பந்து வரைக்கும் துஆக் கேட்டு, அவன் மைதானத்தை விட்டுப் போகும்போது அந்த நடையைப் பார்த்துச் சிரித்து வழியனுப்ப வேண்டும். ஏதோ தங்கள் வீட்டுக் கல்யாணத்தைப்போலக் காக்கா இதைச் சொல்வார்.

ஜூலை பத்தாம் திகதி அஸருக்குப் பிறகு, ஒரு பகிடிப் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது காக்கா மவுத்தானார். கதிரையில் சாய்ந்து, தோள் குலுங்கி, தலை குனிந்திருக்கிறது. மதினி அவர் சிரிக்கிறார் என்று நினைத்து அடுத்த வசனத்தையும் தமிழில் சொல்லியிருக்கிறாள். அதற்கு அடுத்ததையும் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது வசனத்துக்கும் அவரிடமிருந்து சத்தம் வராததால்தான் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

ஜனாஸா வீட்டுக்கு வந்த பெண்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “கடசியா கலிமா வாயில வந்திச்சா டீச்சர்?” சாகும்போது கலிமா சொல்லிப் போவதுதான் நல்ல மவுத்து என்பது ஊர்க் கணக்கு. ஓம் என்று பொய் சொன்னேன். படம் பார்த்துக்கொண்டு போனார் என்று எப்படிச் சொல்வது? ஒருத்தி டீவிப் பக்கம் கண்ணை விட்டாள். நான் உடனே ஒரு வெள்ளைப் பெட்சீட்டை எடுத்து அந்த டீவியை மூடினேன். மதினி மூலையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து இத்தா. புருசன் மவுத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் அலங்காரம் இல்லாமல் வீட்டோடு இருக்க வேண்டும். மதினிக்கு என்று ஒரு ஆளும் இல்லாததால், பாடசாலை விட்டதும் நான் போய் அவளோடு இருந்தேன். வெள்ளைச் சீலை, பின்னறை, குர்ஆன், தஸ்பீஹ் மணி. டீவி கூடாது என்று நான் மார்க்கக் கிதாபில் படிக்கவில்லை. எங்கள் தெருப் பெண்கள் வழக்கமாகச் செய்வதைவிட ஒரு படி கூடுதலாகவே நான் செய்தேன். காக்காவின் கடைசி நேரத்தைப் பற்றிச் சொன்ன பொய்யை, மதினியின் இத்தாவை வைத்து மெய்யாக்கப் பார்த்தேன்.

நாளையும் நானே எண்ணினேன். கல்முனை நகைக்கடை ஒன்று தந்த கலண்டரைச் சுவரில் கொழுவி, ஜூலை பத்திலிருந்து நவம்பர் பத்து நான்கு மாதம், அதன்மேல் பத்து நாள், நவம்பர் இருபது என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். மதினியின் அடுத்த வீட்டு றினாஸின் மனைவி இன்ஷிரா, “எதுக்கும் பள்ளிவாசல்ல ஒருக்காக் கேளுங்களேன் டீச்சர்” என்றாள்.

“நாலு மாசமும் பத்து நாளும் எண்ணத் தெரியாமலா புள்ள நான் முப்பத்தொரு வருசம் கணக்குப் படிப்பிச்ச?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் ஒருநாள், கடையில் வாங்கிய இடியப்பத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுபோனேன். மதினி தாளைப் பிரித்தவள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஜீஜாஜியின் படம். ஓய்வு பெறுகிறானாம். பதினான்கு வருடத்தில் முதல்தடவையாக அவனுடைய படம் பெரிதாக வந்திருந்தது, அதிலும் தேங்காய்ச் சம்பலின் எண்ணெய் பட்டிருந்தது.

“கடசி மெட்ச் பதினெட்டாந் திகதி” என்றாள் மதினி. எழுந்து கலண்டர் அருகே போய் என் சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். பிறகு இடியப்பத்தைத் தட்டில் எடுத்து வைத்தாள். அன்றைக்கு அவள் அதைச் சாப்பிடவில்லை.

பதினேழாம் திகதி பின்னேரம்தான் கேட்டாள். அதுவரை அவள் என்னிடம் எதையுமே கேட்டதில்லை.

“டீச்சர், டீவி வேணாம். றினாஸ்ட ஊட்டுல நாளைக்கி மெட்ச் போடுவாங்க. ஜன்னல ஒள்ளுப்பம் தெறந்து வெச்சாக் காணும். சத்தம் கேட்டாலே எனக்கு வெளங்கும்.”

“என்னத்துக்கு?”

“அவரு இல்லத்தானே. அவனுக்கு துஆக் கேக்க ஒரு ஆள் வேணும்.”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டதை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் நான் பாடசாலை விட்டுப் போனபோது ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. மதினி அதன் கீழே பாயில் இருந்தாள். றினாஸின் வீட்டு டீவி நன்றாகக் கேட்டது. ஜீஜாஜி வருவதற்கு நேரம் எடுத்தது. அஸர் தொழுது முடித்த கையோடு அடுத்த வீட்டில் கைதட்டல் கேட்டது. மதினி நிமிர்ந்தாள். இரண்டு கையையும் ஏந்தினாள். காக்கா ஏந்துவதுபோல, விரல்களை ஒட்டவைத்து நெஞ்சுக்கு நேரே. உதடு அசைந்தது. ஒரு பந்து போனது, கையை முகத்தில் தடவிவிட்டு மறுபடியும் ஏந்தினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அரை மணித்தியாலம் அப்படியே போனது. ஆறு பேர் போய்விட்டார்கள், அவன் மட்டும் நிற்கிறான் என்று அடுத்த வீட்டில் றினாஸ் சத்தம் போட்டான்.

அந்த நேரத்தில்தான் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் மதினியைப் பார்த்து ஆறுதல் சொல்ல வந்தார்கள். ஜனாஸா அன்றைக்குக் கலிமாவைப் பற்றிக் கேட்டவள் அதில் ஒருத்தி. அவர்கள் பாயில் இருந்த நேரம் பார்த்து, டீவியில் வர்ணனையாளன் ஜீஜாஜி ஏதோ தடுமாறியதாகச் சொன்னான். மதினி சிரித்துவிட்டாள். சத்தமில்லாத ஒரு சிரிப்பு, பல் மட்டும் தெரிந்தது. காக்கா போன பிறகு அவள் முகத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு அது. வந்தவள் மதினியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். கொண்டியும் போட்டேன்.

“டீச்சர்” என்றாள் மதினி.

“இன்னும் ரெண்டு நாள்தானே. நாலு மாசம் இரிந்த பொறுமைய இந்த ரெண்டு நாளைக்காகப் பாழாக்காத” என்றேன். வந்தவர்களுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன்.

அவள் ஏந்திய கையை மடியில் வைத்துக்கொண்டாள். மூடிய ஜன்னலுக்கு அப்பால் டீவி முணுமுணுத்தது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. பெண்கள் போன பிறகும் நான் திறக்கவில்லை. மஃரிபு தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் அடுத்த வீட்டில் ஒரு பெரிய சத்தம் வெடித்தது. கத்தினார்கள், கதிரைகள் இழுபட்டன. பிறகு ஒரேயடியாக அடங்கிவிட்டது.

“அது சிரிச்ச சத்தமா டீச்சர், கத்தின சத்தமா?” என்று மதினி கேட்டாள்.

“எனக்கென்ன தெரியும்” என்றேன்.

மறுநாள் பத்தொன்பதாம் திகதி, லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலுக்குப் போனேன். இத்தா முடிகிற நாளில் துஆ ஓத மௌலவியை அழைப்பது வழக்கம். இப்போதைய மௌலவி ஜுனைட் என்னிடம் படித்த பிள்ளை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“நாளைக்கி என்ட மதினிட இத்தா முடியுது. ஊட்டுப் பக்கம் வந்து ஒரு துஆ ஓதணும்” என்றேன்.

“ஓம் டீச்சர், இன்ஷா அல்லாஹ். முத்தலிப் காக்கா மவுத்தானது பிறை எத்தினயில?”

“ஜூலை பத்து.”

“அதில்ல டீச்சர். பிறை?”

எனக்குத் தெரியவில்லை. அவர் சுவரில் இருந்த தொழுகை நேரக் கலண்டரைப் புரட்டினார். முஹர்ரம் பதினான்கு என்றார். விரலை மடக்கி ஒவ்வொரு மாதமாக எண்ணினார். ஒரு பிறை இருபத்தொன்பது, அடுத்தது முப்பது. நடுவில் நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமல், மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

“டீச்சர், நீங்க இங்கிலீஸ் மாசத்தில எண்ணிட்டீங்க போல. இத்தா பிறைக் கணக்குத்தானே. பதினாறாந் திகதியோட முடிஞ்சிட்டு.”

நான் கலண்டருக்குக் கிட்டப் போய் நானும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன்.

“கூடுதலா இரிந்ததால குத்தம் ஒண்டும் இல்ல டீச்சர்” என்றார் அவர், எனக்கு ஆறுதலாக.

பள்ளிவாசலிலிருந்து வீடு ஐந்து நிமிட நடை. எவ்வளவு நேரம் நடந்தேன் என்று தெரியாது. நோன்பைப் பிறையில் பிடித்து, பெருநாளைப் பிறையில் கொண்டாடி, காக்காவின் மவுத்தை மட்டும் நகைக்கடைக் கலண்டரில் எண்ணியிருக்கிறேன். பதினெட்டாம் திகதி மதினி எங்கும் போகலாம், எதையும் பார்க்கலாம். றினாஸின் வீட்டுக் கூடத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கலாம். முடிந்துபோன இத்தாவுக்காக நான் ஜன்னலுக்குக் கொண்டி போட்டிருக்கிறேன். சொல்லாமல் விட்டால் என்ன என்றும் யோசித்தேன். நாளைக்கு துஆ ஓதி, குளித்து, நிறச்சீலை உடுத்தினால் எல்லாம் முடிந்துவிடும், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஏற்கெனவே ஒரு பொய்யை நான்கு மாதமாகச் சுமந்தது போதும் என்று இருந்தது.

மதினி பாயில் இருந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். பிறை, பதினாறு, என் கணக்கு, எல்லாவற்றையும்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கலண்டரில் என் சிவப்பு வட்டத்தை நீண்ட நேரம் பார்த்தாள்.

“அப்ப நேத்து நான் வெளிய வந்திரிக்கலாம்.”

“ஓம்.”

“அவரு இரிந்தா நாள் பிழைக்க உட்டிரிக்க மாட்டாரு” என்றாள். “என்ட இத்தாவையும் அவரே சரியா எண்ணிச் செல்லிரிப்பாரு.”

அதைக் குத்திக்காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். என்ன செய்வது என்று தெரியாமல் என் போனை எடுத்தேன். காலையில் ஆசிரியர் அறையில் எல்லாரும் பார்த்துச் சிரித்த துண்டு அதில் இருந்தது. கடைசி ஓட்டத்தை ஜீஜாஜிதான் எடுத்தான். ஓடும்போது கால் தடுக்கி, மட்டையும் தலைக்கவசமும் ஒவ்வொரு திசையில் பறக்க, முகம் குப்புற விழுந்து, ஊர்ந்துபோய்க் கோட்டைத் தொட்டான். இலங்கை வென்றது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, அந்தப் பழைய நடையில் திரும்பிப் போனான். மைதானம் முழுவதும் சிரித்தது, அவனும் சிரித்தான்.

“இந்தா, பாரு மதினி. எல்லாம் இதுல இரிக்கி. அவன் விழுந்தது, நடந்து போனது, எல்லாம்” என்று போனை நீட்டினேன்.

அவள் போனை வாங்கவில்லை.

“முடிஞ்ச ஆட்டத்துக்கு துஆக் கேக்கேலாதே டீச்சர்” என்றாள்.

பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, ஹிந்தியில் ஏதோ ஒரு வசனம் சொன்னாள். ஏதோ ஒரு பகிடியாகத்தான் இருக்க வேண்டும், சொல்லி முடித்ததும் அவளுடைய தோள் இரண்டு தடவை குலுங்கியது. காக்காவின் சிரிப்புக்குக் காத்திருப்பதுபோல மூன்று நொடி காத்திருந்தாள். நானும் அது தமிழில் வரும் என்று காத்திருந்தேன். அவள் தஸ்பீஹை எடுத்து, விட்ட இடத்திலிருந்து உருட்டத் தொடங்கினாள்.